விஷத்தை மருந்தாக்கிய வளையம்

1917 ஜூலையில் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் ஜெர்மானியர் புது விஷம் ஒன்றை ஏவினார்கள். கடுகு போன்ற நெடி வீசியதால் அதற்குக் 'கடுகு வாயு' என்று பெயர் வந்தது. பட்ட இடமெல்லாம் கொப்புளம். கண் திறக்க முடியாமல் சிப்பாய்கள் தவித்தார்கள். அந்த விஷத்தின் பேரப்பிள்ளை ஒன்று இன்று மாத்திரையாகி, சில வகை இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது என்றால் நம்புவீர்களா?

கடுகு வாயுவின் மூலக்கூறுக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கை நுனியிலும் கார்பன் அணு என்ற நாற்காலியில் குளோரின் அணு உட்கார்ந்திருக்கிறது. வேறொரு மூலக்கூறு வந்து, குளோரினைக் கிளப்பிவிட்டு இடம் பிடிக்கலாம். ஆனால் பின்பக்கமாக வந்து தள்ள வேண்டும். வெளியாளுக்கு அது சுலபமல்ல. இங்கேயோ, வீட்டோடு இருக்கும் மச்சினனைப் போல நடுவில் ஒரு கந்தக அணு! அது தன் எலெக்ட்ரான் ஜோடியால் குளோரினை நெட்டித் தள்ளிவிட்டு, தானே அங்கே ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு நிலைக்காது. அருகில் எது வந்தாலும் பற்றிக்கொள்ளும். இப்படி இரு கைகளும் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் பிடித்துக் கட்டிவிட்டால், அந்த உயிரணு பெருக முடியாது.

கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே புற்றுநோய்! கந்தகத்துக்குப் பதில் நைட்ரஜன் அமைந்த மருந்தை, 1942-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். கட்டிகள் கரைந்தன. ஆனால் மறுபடி வளர்ந்தன; அந்த டிசம்பரிலேயே அவர் காலமானார். யுத்த ரகசியமாதலால் 1946 வரை இது வெளிவரவில்லை.

நைட்ரஜனும் அவசரக்கார மச்சினன்தான். மருந்தைக் கரைத்ததும் இரத்தக் குழாயில் ஏற்றியாக வேண்டும். 1950-களில் லண்டன் ரசாயன நிபுணர்கள் நைட்ரஜனோடு ஒரு பென்ஸீன் வளையத்தை இணைத்தார்கள். மச்சினனுக்குக் கல்யாணம் ஆன கதைதான்! வளையம் நைட்ரஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தள்ளுகிற வேகம் தணிந்தது. வாயால் விழுங்கக்கூடிய 'குளோராம்புசில்' இப்படிப் பிறந்தது.

வேகம் தணிந்ததே தவிர, குணம் போகவில்லை. எலும்பு மஜ்ஜையில் புது இரத்தத்தை உண்டாக்கும் நல்ல உயிரணுக்களும் விறுவிறுவென்று பெருகுகிறவை. மருந்து அவற்றையும் விடாது. இதைச் சாப்பிடுகிறவர்களிடம், "உடம்பு தேவலையாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.