பாதையை மூடிவிட்டு யாருக்காகப் பாதுகாக்கிறோம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சால்ட் லேக் சிட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறுவார். ஊர் சுற்றிக் காட்டலாம் என்றால், "நான் எங்கப்பா நடக்கப் போறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார்.

ஒரு சனிக்கிழமை என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு தெற்கே எமரி கவுன்ட்டிக்குப் போனோம். சான் ரஃபேல் ஸ்வெல் என்று ஒரு செம்பாறைப் பிரதேசம். மண் ரோட்டில் போனால் பக்ஹார்ன் வாஷ் என்ற பள்ளத்தாக்கில், ரோட்டை ஒட்டியே பாறைச் சுவர். அதில் கை கால் இல்லாத, அகன்ற தோளோடு நிற்கும் சிவப்பு உருவங்கள். ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணின் பூர்வகுடிகள் வரைந்தவை. வண்டியிலிருந்து இறங்கிப் பத்தடி வைத்தார் அப்பா. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நம்ம ஊர்ப் பக்கமும் பாறை ஓவியம் இருக்கு. ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. இங்கே வந்து பார்க்கணும்னு எழுதியிருக்கு" என்றார்.

அந்த மண் ரோடு இல்லையென்றால் அந்தப் பத்தடி இல்லை. இந்தக் கட்டுரை அந்த ரோட்டைப் பற்றியதுதான்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல வருஷமாக நடக்கும் ஒரு சண்டை நம் தமிழர் வட்டாரத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. பொது நிலத்தில் எதை 'வில்டர்னஸ்', அதாவது சட்டப்படியான வனாந்தரம் என்று அறிவிப்பது, அறிவித்தால் அங்கே வண்டியில் போகிறவர்களின் கதி என்ன என்பதுதான் அந்தச் சண்டை. நம்மில் பெரும்பாலோர் படித்தவர்கள், நகரத்தில் இருப்பவர்கள். "இயற்கையைக் காப்பாற்றுகிறார்கள், நல்லதுதானே" என்று கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1964 செப்டம்பர் 3-ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது வனாந்தரச் சட்டம். தொடக்கத்தில் இதன் கீழ் வந்தது 91 லட்சம் ஏக்கர். இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு, இலங்கையைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. இதில் பாதி அலாஸ்காவில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வனாந்தரம் என்று அறிவித்துவிட்டால் அங்கே மோட்டார் வண்டி கூடாது. மோட்டார் படகு கூடாது. சில விதிவிலக்குகள் தவிர விமானம் இறங்கக் கூடாது. 'இயந்திரப் போக்குவரத்து எதுவும் கூடாது' என்ற வரியால் சைக்கிளும் கூடாது. வழியில் மரம் விழுந்தால் மோட்டார் ரம்பம் கூடாது என்று வனத்துறை ஆட்களே கைரம்பத்தால்தான் அறுப்பார்கள். இதையெல்லாம் மாற்ற உள்ளூர் அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. நாடாளுமன்றம் போட்ட கோடு, நாடாளுமன்றம்தான் அழிக்க முடியும்.

சக்கர நாற்காலிக்கு அனுமதி உண்டு. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோடு பத்து மைலுக்கு அப்பால் நின்றுபோனால் அந்த மணலிலும் பாறையிலும் சக்கர நாற்காலியை யார் தள்ளிக்கொண்டு போவது? காகிதத்தில் உரிமை இருக்கிறது, போக வழியில்லை.

எது ரோடு, எது ரோடு இல்லை?

"வனாந்தரம் என்று அறிவிப்பதே ரோடு இல்லாத இடத்தைத்தானே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரச்சினையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

யூட்டாவின் செம்பாறை நிலத்தில் பெரும்பகுதி பி.எல்.எம். எனப்படும் கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் கையில் இருக்கிறது. 1976-இல் வந்த சட்டம், ரோடு இல்லாத பகுதிகளைக் கணக்கெடுத்து எதை வனாந்தரமாக்கலாம் என்று 15 வருஷத்துக்குள் சொல்லும்படி இந்தத் துறையைக் கேட்டது. அந்தக் கணக்கெடுப்பில் 'ரோடு' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம். இயந்திரம் வைத்துச் செதுக்கி, பராமரித்து வந்தால்தான் ரோடு. வண்டிகள் ஓடி ஓடியே உண்டான தடம் எத்தனை வருஷப் பழசாக இருந்தாலும் ரோடு ஆகாது, வெறும் தடம்தான்.

இப்போது சான் ரஃபேல் ஸ்வெல்லின் கதையைப் பாருங்கள். 1950-களில் அணுகுண்டுக்கு யுரேனியம் வேண்டும் என்று அரசாங்கமே ஆட்களைத் தூண்டிவிட்டது. ஜீப்பிலும் புல்டோசரிலும் வந்தவர்கள் மலை மலையாகத் தடம் போட்டார்கள். யுரேனியம் காலம் முடிந்தது, தடம் மிஞ்சியது. மாடு மேய்ப்பவர்கள், மான் வேட்டைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர்கள் என்று மூன்று தலைமுறை அதில் ஓட்டியது. அந்த ஊர்க்காரருக்கு அது தாத்தா காலத்து ரோடு. வரைபடம் போடுகிறவருக்கு அது ரோடே இல்லை.

அதற்கும் மேலே 1866-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொது நிலத்தில் நெடுஞ்சாலை போடும் உரிமையை அது தந்தது. 1976-இல் அதை நீக்கினார்கள், ஆனால் அதற்கு முன்பே உண்டான உரிமை செல்லும் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யூட்டா மாநிலம் 12,000-க்கும் மேற்பட்ட ரோடுகளுக்கு உரிமை கோரி வழக்குப் போட்டிருக்கிறது. அதன் முடிவைக் காண நம் பேரப்பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் 'ஆய்வில் உள்ள பகுதி' என்று குறிக்கப்பட்ட நிலங்கள் பல 1991-இல் அறிக்கை போன பிறகும் அப்படியே கிடப்பில் இருக்கின்றன. நாடாளுமன்றம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நிர்வாகம் மட்டும் வனாந்தரத் தன்மை கெடாதபடி நடக்க வேண்டும். 1989 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படும் 'ரெட் ராக்' மசோதா யூட்டாவில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் வனாந்தரமாக்கக் கேட்கிறது. மேலவையில் அதை நெடுங்காலம் முன்னெடுத்தவர் டிக் டர்பின். அவர் இலினாய் மாநிலத்துக்காரர். பொது நிலம் எல்லா மாநிலத்தவருக்கும் சொந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் தூரத்துத் தலைநகரத்தில் கோடு போட்டால் அந்தக் கோட்டுக்குள் வாழ்கிறவனுக்கு என்ன ஆகும் என்று தமிழனுக்கா சொல்லித்தர வேண்டும்?

எதிர்த்தரப்பின் நியாயம்

வண்டிக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாலைவன மண்ணின் மேலே கறுப்பாக, மொறமொறவென்று ஓர் உயிருள்ள மேலோடு இருக்கும். மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். டயர் ஒருமுறை ஏறினால் போச்சு, திரும்பி வளரப் பத்து இருபது வருஷம், சில இடங்களில் இன்னும் அதிகம் ஆகும். மலையாடுகள் எஞ்சின் சத்தத்துக்கு மிரளும். நான் சொன்ன பக்ஹார்ன் வாஷ் ஓவியத்தின் மேலேயே பேரைக் கிறுக்கி வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள். 1990-களில்தான் அதைச் சுத்தம் செய்து சீரமைத்தார்கள். ரோடு இருந்ததால்தான் கிறுக்கியவனும் வந்தான் என்று ஒருவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

ஆனால் அதே ரோட்டில்தான் சீரமைத்தவர்களும் வந்தார்கள். இன்று அங்கே வேலி இருக்கிறது, விளக்கப் பலகை இருக்கிறது, எந்நேரமும் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தடம் விட்டு விலகி ஓட்டுகிறவனைப் பிடித்து அபராதம் போடுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன். 2023 முதல் யூட்டாவில் இந்த மாதிரி வண்டி ஓட்டுகிற பெரியவர்களும் ஆன்லைனில் ஒரு பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். நானும் என் மகளும் சேர்ந்து படித்தோம். அந்த மண் மேலோட்டைப் பற்றி எனக்குச் சொன்னதே அவள்தான். விதியை மீறுகிறவனுக்குத் தண்டனை சரி. விதிப்படி ஓட்டுகிறவனையும் என் அப்பாவையும் சேர்த்து வெளியே நிறுத்துவது எப்படிச் சரியாகும்?

பேசினால் முடியும்

2019 மார்ச்சில் நிறைவேறிய டிங்கெல் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். மேலவையில் 92-க்கு 8 என்று தேறியது. இந்தக் காலத்தில் இரண்டு கட்சிகளும் இப்படி எதற்கு ஒன்றாகக் கை தூக்குகின்றன? எமரி கவுன்ட்டிக்காரர்கள், பண்ணைக்காரர்கள், வண்டிக்காரர்கள், சூழல் அமைப்புகள் என்று பல வருஷம் உட்கார்ந்து பேசியதன் பலன் அதில் இருக்கிறது. சுமார் 6.63 லட்சம் ஏக்கர் வனாந்தரம் ஆனது. சென்னை மாநகராட்சியைப் போல ஆறு மடங்கு. கூடவே 2 லட்சம் ஏக்கருக்கு மேல் 'பொழுதுபோக்குப் பகுதி' என்று தனியாக அறிவித்தார்கள். அங்கே குறிக்கப்பட்ட ரோடுகளில் வண்டி போகலாம். சிட்ஸ் மவுன்டன் வனாந்தரத்தின் நடுவே பழைய தடங்கள் சிலவற்றை விட்டுவிட்டு, செரிப் பழக் காம்பு மாதிரி அதைச் சுற்றி எல்லைக் கோட்டை வளைத்தார்கள். இரண்டு பக்கமும் மலை மௌனமாக இருக்கிறது, நடுவில் ஒரு தடம் போகிறது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நல்ல பஞ்சாயத்துக்கு அடையாளமே அதுதானே!

கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதே சட்டம் அங்குள்ள பாலைவனத்தில் புதிதாக வனாந்தரங்களை அறிவித்தபோது, ஜான்சன் வேலி, டூமான்ட் டூன்ஸ் உள்ளிட்ட ஆறு இடங்களை, மொத்தம் 2 லட்சம் ஏக்கரை, வண்டி ஓட்டுவதற்கென்றே நிரந்தரமாக ஒதுக்கியது.

ஆனால் பஞ்சாயத்தில் பேசியது நிலைக்க வேண்டும். 2019-இல் கிரீன் ஆற்றின் மேற்கே லேபிரிந்த் கேன்யன் வனாந்தரம் ஆனது. 2023 செப்டம்பரில் ஆற்றின் கிழக்கே, மோவாப் ஊர்ப்பக்கம், பி.எல்.எம். 317 மைல் தடங்களை மூடியது. அது வனாந்தர அறிவிப்பு அல்ல, 2017-இல் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி போட்ட புதிய பயணத் திட்டம். 800 மைலுக்கு மேல் இன்னும் திறந்தே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் எங்கள் ஜீப் குழுவில் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அந்தக் கரையில் கொடுத்தோம், இந்தக் கரையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை எதற்குப் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும்?" இந்த அவநம்பிக்கை 317 மைலைவிடப் பெரிய நஷ்டம்.

நிலத்துக்கு ஆள் வேண்டும்

ஏன் நஷ்டம் என்பது 2025 ஜூனில் தெரிந்தது. யூட்டா செனட்டர் மைக் லீ, 11 மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை விற்க வழி செய்யும் பிரிவைப் பெரிய பட்ஜெட் மசோதாவில் சேர்க்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது. சூழல் அமைப்புகள் மட்டுமல்ல, வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள் என்று அவர் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்களும் கொதித்தார்கள். எங்கள் குழுவில் அரசியலே பேசாத ஆட்கள் கூடப் போன் மேல் போன் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் அவர் அதைத் திரும்பப் பெற்றார்.

அவர்கள் ஏன் கொதித்தார்கள்? அந்த நிலத்துக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைக்கு முதல் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். போகவே முடியாத நிலத்தை விற்றால் யார் போன் எடுப்பார்கள்? அதனால்தான் எனக்கு இரண்டு பக்கமும் கோபம். "ரோட்டைத் திற" என்று நம் பக்கம் நின்று பேசிவிட்டு நிலத்தையே விற்கப் பார்க்கிறவர்கள் நம் நண்பர்கள் அல்ல. மக்கள் வராமல் இருந்தால்தான் நிலம் பிழைக்கும் என்கிறவர்கள், அந்த நிலத்துக்கு நாளை காவல் நிற்கப்போகிற ஆட்களை இன்றே விரட்டுகிறார்கள்.

புதிதாக ஓர் ஏக்கரிலும் ரோடு போடச் சொல்லவில்லை. ஆதியிலிருந்தே ரோடு இல்லாத இடம் வனாந்தரமாகவே இருக்கட்டும். தலைமுறைகளாக வண்டி ஓடும் தடத்துக்கு, ஓட்டுகிறவர்களையும் உட்கார வைத்துப் பேசி, 'பொழுதுபோக்குப் பகுதி' மாதிரியான வேறு ஏற்பாடு செய்யலாம். எமரி கவுன்ட்டி செய்து காட்டியிருக்கிறது.

நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. பயணத் திட்டம் போடும்போது பி.எல்.எம். பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். எழுதக் குடியுரிமை வேண்டாம், கிரீன் கார்டு கூட வேண்டாம். "ரோட்டை மூடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதினால் பிரயோஜனம் இல்லை. தடத்தின் எண், எப்போது போனீர்கள், யாரோடு போனீர்கள், அது இல்லையென்றால் எந்த இடத்தை இழப்பீர்கள் என்று எழுதுங்கள். மூட வேண்டிய தடம் என்று உங்களுக்குப் படுவதையும் எழுதுங்கள். நான் அப்படி எழுதிய கடிதத்தில் ஒரு தடத்தை மூடலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

அப்பா இந்த வருஷம் மறுபடி வருகிறார். முழங்கால் இன்னும் மோசம். போன வாரம் போனில், "அந்த செவப்பு ஆளுங்களைப் பார்க்கலாமாப்பா?" என்றார். பார்க்கலாம் அப்பா, அந்த ரோடு திறந்துதான் இருக்கிறது.