பில் கேட்ஸ் கல்லூரியை விட்ட கதை

தன்னம்பிக்கைப் பேச்சாளர் மேடையேறினால் பில் கேட்ஸ் பெயர் வராமல் இருக்காது. ஹார்வர்டு படிப்பைத் தூக்கி எறிந்தார், கையில் ஒன்றுமில்லாமல் தொழில் தொடங்கினார், 31 வயதில் நூறு கோடி டாலருக்கு அதிபதியானார்; ஆகவே பட்டம் வெறும் காகிதம், துணிச்சல்தான் மூலதனம் என்று பேச்சு முடியும். அரங்கத்தில் கைதட்டுகிறவர்களில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கல்விக் கடன் வாங்கிய பெற்றோரும் இருக்கிறார்கள். இந்தக் கதையை நம்பி ஒரு பிள்ளை கல்லூரியை விட்டு வந்துவிட்டால், பேச்சாளர் வந்து அந்தக் கடனைக் கட்டப்போவதில்லை. அதனால் இதை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தாக வேண்டும்.

முதலில், அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்ற பேச்சு. தான் தேர்வில் தோற்றதாகவும், எல்லாப் பாடத்திலும் தேறிய நண்பர் இன்று தன் நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகவும் அவர் சொன்னதாக ஒரு வாசகம், அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1590 வாங்கியவர் கேட்ஸ். 1973-ல் ஹார்வர்டில் சேர்ந்ததும், முதலாண்டு மாணவர்கள் பயந்து ஒதுங்கும் மேத் 55 என்ற கணித வகுப்பில் போய் உட்கார்ந்தார். பேராசிரியர் ஹாரி லூயிஸ் ஒரு வகுப்பில் பான்கேக்கை வைத்து ஒரு கணக்குச் சொன்னார். நாம் தோசை என்றே வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு அளவுள்ள தோசைகள் தாறுமாறாக அடுக்கியிருக்கின்றன. தோசைத்திருப்பியை நடுவில் எங்காவது செருகி, அதற்கு மேலுள்ள அத்தனையையும் ஒருசேரக் கவிழ்க்கலாம். வேறெதுவும் செய்யக் கூடாது. பெரியது அடியிலும் சிறியது உச்சியிலும் வரும்படி அடுக்கை ஒழுங்காக்க, எவ்வளவு மோசமான அடுக்காக இருந்தாலும், அதிகபட்சம் எத்தனை முறை கவிழ்த்தால் போதும்? கேட்ஸ் கண்டுபிடித்த வழி, கணினி அறிவியலாளர் கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியூவுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையாக 1979-ல் ஒரு கணித இதழில் வெளிவந்தது. அதைவிடச் சிறந்த விடை கிடைக்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. படிப்பு ஏறாதவர் செய்யும் காரியமா இது?

அடுத்தது, படிப்பைத் தூக்கி எறிந்தார் என்பது. ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியின் படம் 1975 ஜனவரி மாதப் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்தது. பேசிக் என்ற நிரல் மொழியை அதில் இயக்கும் மென்பொருளை கேட்ஸும் அவருடைய பள்ளித் தோழர் பால் ஆலனும் எழுதினார்கள். எங்கே எழுதினார்கள் என்பதைத்தான் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ஹார்வர்டின் ஆய்வுக்கூடத்தில், ஹார்வர்டின் பி.டி.பி.-10 கணினியில் எழுதினார்கள். அதிலுள்ள கணிதப் பகுதியை எழுதிக் கொடுத்த மான்டே டேவிடாஃப் ஹார்வர்டு மாணவர். எறிந்துவிட்டதாகச் சொல்லப்படும் கல்லூரிதான் இயந்திரத்தையும் ஆளையும் கொடுத்தது. 1975 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் பிறந்த பிறகும் கேட்ஸ் உடனே ஹார்வர்டை விடவில்லை. விடுப்பு எடுத்தார், திரும்பி வந்து படித்தார், மறுபடி விடுப்பு எடுத்தார். முழுமையாக வெளியேறியது 1977-ல். அதற்குள் ஆல்டேரைத் தயாரித்த மிட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக், என்.சி.ஆர். போன்ற பெரிய வாடிக்கையாளர்களும் வந்திருந்தார்கள். வியாபாரம் தோற்றிருந்தால் ஹார்வர்டுக்கே திரும்பிப் போயிருக்கலாம். கல்விக் கடனில் படிக்கும் நம் பிள்ளைக்கு அப்படியொரு கதவு திறந்திருக்கிறதா என்று கேட்காமல் துணிச்சலைப் பற்றிப் பேசுவது பொறுப்பற்ற செயல்.

ஆனால் இந்தக் கதை செய்யும் பெரிய கேடு வேறொன்று. 19 வயதில் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது, தொடங்கினார், வென்றார் என்று அது நம்ப வைக்கிறது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் அப்படியே காணாமல் போகின்றன. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த ஆண்டுகள் அவை.

சியாட்டிலில் கேட்ஸும் ஆலனும் படித்த லேக்சைடு என்ற தனியார் பள்ளி. 1968-ல் அங்கே படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் பழைய பொருள் விற்பனை நடத்திச் சேர்த்த பணத்தில், தொலைதூரக் கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசும் டெலிடைப் இயந்திரம் ஒன்று பள்ளிக்கு வந்தது. கேட்ஸுக்கு அப்போது வயது 13. பல்கலைக்கழக மாணவர்களே கணினிக்கு வரிசையில் காத்திருந்த காலம் அது. பணம் கரைந்ததும், உள்ளூர்க் கணினி நிறுவனம் ஒன்று இந்தச் சிறுவர்களை இலவசமாக உள்ளே விட்டது. அதன் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்வதே கட்டணம். அந்த நிறுவனம் மூழ்கிய பிறகு, போர்ட்லாந்திலிருந்த இன்னொரு நிறுவனத்துக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் எழுதினார்கள். 1972-ல் பள்ளியின் வகுப்பு அட்டவணையைக் கணினியில் போடும் வேலை வந்தது. அதில் கேட்ஸுக்குத் துணையாக இருந்த உயிர்த் தோழன் கென்ட் எவன்ஸ், மலையேற்றத்தில் விழுந்து இறந்துபோனான். ஆலனைச் சேர்த்துக்கொண்டு கேட்ஸ் அந்த வேலையை முடித்தார். 1973-ல், பான்வில் மின் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மென்பொருள் எழுதும் குழுவில் அவருக்கு வேலை கிடைத்தது. ஜான் நார்ட்டன் என்ற மூத்த நிரலாளர் அவர் எழுதியதை எல்லாம் படித்து, எங்கே சறுக்கியிருக்கிறார் என்று குறித்துக் கொடுத்தார்.

இதற்கிடையில் சாலைப் போக்குவரத்தைக் கணக்கெடுக்க டிராஃப்-ஓ-டேட்டா என்று ஒரு சிறு தொழிலும் நடத்தினார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அதற்காக ஆலன் ஒரு வித்தையைக் கற்றிருந்தார்: இன்டெல் 8008 சில்லுக்கு எழுதும் நிரலை, அந்தச் சில்லே இல்லாமல், பெரிய கணினிக்குள் அதைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்துச் சோதிப்பது. ஆல்டேரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இருவரும் அதற்கு பேசிக் எழுத முடிந்தது இந்த வித்தையால்தான். 1975 மார்ச்சில் அதை இயக்கிக் காட்ட, மிட்ஸ் இருந்த அல்புகெர்க்கிக்கு ஆலன் விமானத்தில் போகும்போதுதான், நிரலைக் கணினிக்குள் ஏற்றும் சிறு பகுதியை எழுத மறந்தது நினைவுக்கு வந்தது. இருக்கையில் உட்கார்ந்தபடியே அதை எழுதி முடித்தார். அடுத்த நாள் மிட்ஸ் அலுவலகத்தில், இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு இயந்திரம் 4 என்று அடித்துக் காட்டியது. மேடையில் இதைத் துணிச்சல் என்கிறார்கள். ஏழு ஆண்டு கைப்பழக்கம் இல்லாதவன் அந்த விமானத்தில் என்ன எழுதியிருப்பான்?

ஒன்றுமில்லாமல் தொடங்கினார் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சியாட்டிலின் பெரிய வழக்கறிஞர். அம்மா மேரி, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் இருந்தவர். அம்மாவின் தந்தை வங்கியாளர்.

இங்கே எதிர்ப்பக்கத்துப் பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். யுனைட்டெட் வே தொண்டு அமைப்பின் குழுவில் ஐ.பி.எம். தலைவர் ஜான் ஓப்பலோடு மேரி அமர்ந்திருந்தார், அந்தச் சிபாரிசில்தான் ஐ.பி.எம். ஒப்பந்தம் உட்பட எல்லாம் கிடைத்தது என்கிறார்கள். அறிமுகம் உதவியிருக்கலாம். ஆனால் 1980-ல் ஐ.பி.எம். தேடி வந்தது பேசிக் மொழிக்காக. சிறு கணினிகளுக்கான பேசிக்கில் அப்போது மைக்ரோசாஃப்டுக்கு நிகரான ஆள் இல்லை. ஐ.பி.எம். கணினிக்கான இயங்குதளத்தை அவர் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. டிம் பேட்டர்சன் என்ற நிரலாளர் எழுதிய 86-டாஸுக்கு முதலில் உரிமம் வாங்கி, பிறகு 1981-ல் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். கேட்ஸின் கெட்டிக்காரத்தனம் ஒப்பந்தத்தில் இருந்தது. அதே மென்பொருளை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை ஐ.பி.எம்.முக்கு அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஐ.பி.எம்.மைப் பின்பற்றிக் கணினி செய்த ஒவ்வொரு நிறுவனமும் மைக்ரோசாஃப்டிடம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. உரிமம், காப்புரிமை என்பவற்றின் மதிப்பை வழக்கறிஞர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அறிந்திருந்ததில் வியப்பில்லை.

கடைசியாக, தொழில்நுட்பத் தொழில் இளைஞர்களுக்கே உரியது, 30 தாண்டினால் காலம் போய்விட்டது என்ற நம்பிக்கை. பியர் அசூலே உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய சுமார் 27 லட்சம் பேரின் அரசுப் பதிவுகளை அலசி 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆயிரத்தில் ஒன்றாக வேகமாய் வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. 30 வயதுக்காரரைவிட 50 வயதுக்காரருக்கு அந்த வெற்றி கிட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். கேட்ஸ் இந்தக் கணக்குக்கு விலக்குப் போலத் தெரிவார். வயதில் விலக்குதான். அனுபவத்தில், 19 வயதிலேயே அவர் அந்தத் தொழிலில் பழகிய கைகளில் ஒருவர்.

அவரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தான் பாதியில் விட்டு வந்தும் நன்றாக வாழ்ந்ததை ஒப்புக்கொண்டு, பட்டம் பெறுவதே வெற்றிக்கு அதைவிட உறுதியான பாதை என்று 2015-ல் தன் வலைப்பதிவில் சொன்னார். அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து முடிக்காமல் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அவருடைய அறக்கட்டளை பல ஆண்டுகளாகப் பணம் செலவிட்டு வருகிறது.