ரிசீவர் வாங்குறது வாட்ஸுக்கா, வேலைக்கா?

ஹோம் தியேட்டர் வாங்கப் போற நண்பர்கள் என்கிட்ட கேக்குற முதல் கேள்வியே, "எத்தனை வாட்ஸ்டா மாப்ள?"தான். டிவிக்கு லட்ச ரூபாய் எடுத்து வைக்கிறவன், ரிசீவர்னா மட்டும் "அது வெறும் ஆம்ப்ளிஃபயர் தானே"ங்கிறான். இல்லைங்க!

ஆம்ப்ளிஃபயரோட ரேடியோ ட்யூனரும் ஒரே பெட்டியில இருந்ததால வந்த பேரு அது. இன்னிக்கு ரேடியோவை யாரு சீண்டுறா? அதோட நிஜ வேலை மூணு.

1. செட்டாப் பாக்ஸ், ப்ளூரே, கேம் கன்சோல் எல்லாத்தையும் தன்கிட்ட வாங்கி, படத்தை ஒரே ஒயர்ல டிவிக்கு அனுப்புறது.
2. டால்பி, டிடிஎஸ்னு சுருக்கி வர்ற ஒலியை சேனல் சேனலாப் பிரிக்கிறது.
3. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பவர் கொடுக்கிறது.

எல்லாரும் பாக்கிறது மூணாவதை. மேட்டரே ரெண்டாவதுலதான் இருக்கு. நம்ம வீட்டு ஹால்ல சோஃபா பின் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். முன் ஸ்பீக்கர் 10 அடி, பின் ஸ்பீக்கர் 4 அடி. ஒலி ஒரு அடி போக கிட்டத்தட்ட 1 மில்லி செகண்ட். அப்போ பின்னாடி சத்தம் 5 மில்லி செகண்ட் முந்திக்கும். ரிசீவர் ஒரு குட்டி மைக்கை வச்சு இதை அளந்து, பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தும். சின்ன ஸ்பீக்கரால தாங்க முடியாத, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை சப்வூஃபருக்குத் திருப்பி விடும்.

இப்போ வாட்ஸ். அட்டைப்பெட்டியில கொட்டை எழுத்துல இருக்கிற நம்பர் பல சமயம் ஒரே ஒரு சேனலை, 6 ஓம்ஸ்ல, 1 கிலோஹெர்ட்ஸ்ல மட்டும் ஓட்டி எடுத்தது. "2 சேனல், 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்"னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. இன்னொண்ணு, 50 வாட்ஸை 100 ஆக்கினா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல்!

என் கட்சி இதுதான்: மைக் அளவீடு, இஆர்க், தேவையான சேனல், இது மூணும் இருக்கிற நடுத்தர ரிசீவர் போதும். ஃபார்மட் மாறிக்கிட்டே இருக்கும், ரிசீவர் பழசாகும். நல்ல ஸ்பீக்கர் 20 வருஷம் உழைக்கும். மிச்சக் காசை அங்க போடுங்க. சின்ன ரூம்ல சீரியல் மட்டும்தான் பாப்பீங்கன்னா, சவுண்ட்பாரே தாராளம்.

இதுக்கு மேலயும் "எத்தனை வாட்ஸ்"னு கேட்டா, நான் எஸ்கேப்பு! :-)