ஏரி நடுவே ஒரு மண்திட்டு விடுங்கள்

ஏரியைத் தூர்வார வேண்டும் என்பதில் உழவர்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. எப்படித் தூர்வாருவது என்பதில்தான் நாம் வாய் திறப்பதில்லை. பொக்லைன் வருகிறது, நாலு நாள் உறுமுகிறது, டிப்பர் லாரிகள் வரிசையாகப் போகின்றன. கடைசியில் ஏரி கழுவி வைத்த அண்டா மாதிரி ஆகிவிடுகிறது. கரையோரம் செங்குத்தான வெட்டு, நடுவில் ஒரே ஆழம். ஒரு மேடு இல்லை, ஒரு மரம் இல்லை. தண்ணீர் நிற்கும், சரி. உயிர் தங்குமா?

எங்கள் பென்னாகரம் பக்கத்து ஏரி ஒன்றிலும் தூர்வாரும் பேச்சு நடக்கிறது. அதனால் இந்த மார்கழியில் நாங்கள் ஆறு பேர் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற 58 ஏக்கர் ஏரி அது. குப்பையும் கழிவுமாகக் கெட்டுக் கிடந்ததை, 2010இல் பியூஷ் மானுஷ் முன்னின்று சேலத்து மக்களைச் சேர்த்துச் சீர்செய்தார். அரசுப் பணத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. வாரிய வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, மேலே மரம் வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகள் சின்னச் சின்னத் தீவுகளாக நிற்கின்றன.

காலை ஆறரை மணிக்குக் கரையில் நின்றோம். மரமெல்லாம் கொக்கும் நீர்க்காகமும். பகலில் தூங்கப் போகிற வக்காக்கள் ஒவ்வொன்றாக வந்து இலைக்குள் ஒடுங்கின. தண்ணீர் ஓரச் சேற்றில் உள்ளானும் வாலாட்டிக் குருவியும் ஓடி ஓடிப் பொறுக்கின. திட்டுக்குள் நாங்கள் போகவில்லை. போகவும் கூடாது. நாய், பூனை, கீரி, ஆடு, மனிதன் யாரும் நடந்து வரமுடியாது என்பதுதான் அந்த இடத்தின் பாதுகாப்பே. அதில் படகுச் சவாரி விட்டால் அன்றோடு கதை முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொக்கு, நீர்க்காகம், நத்தைக்குத்தி நாரை போன்றவை நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. அவற்றுக்கு நீர் சூழ்ந்த மரம் வேண்டும். உள்ளான், வாலாட்டி, நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து போன்றவை இமயமலைக்கும் அதற்கப்பால் நடு ஆசியா, சைபீரியா பக்கத்துக்கும் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இங்கே வருபவை. இங்கே அவை கூடு கட்டுவதில்லை. இரை தேடவும் இளைப்பாறவும் அவற்றுக்கு முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறும் போதும். சரிவாக இறங்குகிற ஒரு திட்டு இரண்டு கூட்டத்துக்கும் இடம் கொடுக்கும். அண்டா மாதிரி வெட்டிய ஏரி இரண்டுக்குமே கொடுக்காது.

"ஏம்ப்பா, குருவிக்கு மேடு விட்டா நமக்குத் தண்ணி கொறையாதா?" என்று கூட வந்த மாமா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 ஏக்கர் ஏரியில் 10 சென்ட் அளவில் இரண்டு திட்டு விட்டால், ஏரிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. கொள்ளளவில் அதைவிடப் பெரிதாக எதுவும் போய்விடாது. அந்த ஒரு பங்குக்கு என்ன திரும்பி வரும் என்பதை வேடந்தாங்கல்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் அவர்கள் நெல்லுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரே போய் முறையிட்டது. 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். சரணாலயம், வனத்துறை என்ற பேச்சே இல்லாத காலத்தில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் உழவர்கள். யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிற நாம் இதை மறந்துவிட்டோம்.

உரம் மட்டுமா? நத்தைக்குத்தி நாரை நெல் வயலில் நத்தையையும் நண்டையும் பொறுக்குகிறது. வாலாட்டி நாள் முழுக்கப் பூச்சி தின்கிறது. நாம் சோளக்குருவி, சூறைக்குருவி என்று திட்டுகிற பறவை சோளக் கதிரில் கை வைக்கிறது, உண்மைதான். ஆனால் அதே பறவை வெட்டுக்கிளியையும் கூட்டமாகத் தின்னும். சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியை அடக்க, அது கூடு கட்டுவதற்கென்றே கல்லை அடுக்கி வைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே கூலியாள் மாதிரி வரவேற்கப்படுகிற பறவையை இங்கே நாம் தகரம் தட்டி விரட்டுகிறோம்.

திட்டு விட்டால் மட்டும் போதாது. 1995-96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்து அந்த வெட்டுக்கிளியைத் தின்ற ஸ்வெய்ன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. இலவசமாக வேலை பார்க்க வந்தவனுக்கு விஷச்சோறு போட்ட கதை. அதே மருந்து நம்ம ஊர் உரக்கடைகளிலும் வருடக்கணக்காகச் சர்வசாதாரணமாக விற்றது. ஏரியில் பறவைக்கு இடம் விட்டுவிட்டு ஆயக்கட்டில் விஷம் தெளித்தால், அது கூப்பிட்டுக் கொல்வது. பறவை வாழும் ஏரிக்குக் கீழே இயற்கை வேளாண்மைதான் பொருந்தும்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. தூர்வாரும்போது வண்டலில் உழவர் நிலத்துக்குப் போவது போக, ஒரு பகுதியை ஏரிக்குள்ளேயே கரையிலிருந்து தள்ளித் திட்டாகக் குவிக்க வேண்டும். முழுக்கொள்ளளவுக்கு மேலே தலை தெரிய வேண்டும், பக்கங்கள் சரிவாக இறங்க வேண்டும். நாட்டுக் கருவேல், நீர்க்கடம்பு, நீர்மருது போன்ற ஈரம் தாங்கும் மரங்களை நட வேண்டும். ஏரியின் ஒரு பக்கத்தை ஆழப்படுத்தாமல் விட வேண்டும். கூடு இருக்கிற மரத்தை, அது சீமைக்கருவேலாகவே இருந்தாலும், குஞ்சு பறந்து போகும்வரை தொடக்கூடாது. புது மரம் வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

இதைச் சொல்ல நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். "எஸ்டிமேட்டில் திட்டு இல்லை" என்று அங்கே சொன்னார்கள். எஸ்டிமேட் போடும்போது நாம் கேட்காவிட்டால் அதில் எப்படி இருக்கும்? ஒகேனக்கல் உபரி நீரைத் தர்மபுரி மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுவரச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்கிறோம். தண்ணீர் வரும் நாளில் அதை வாங்குவது வெறும் பள்ளமா, உயிருள்ள ஏரியா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். உங்கள் ஊர் ஏரியின் பெயரைப் போட்டு, எத்தனை சென்டில் எத்தனை திட்டு என்று எழுதி, தீர்மானமாகக் கொடுங்கள். பொக்லைன் இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.