சின்னக் கோசும் சிறு குடியானவரும்

முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல் ஆகிய மூன்றும் ஒரே தாவர இனத்தின் பிள்ளைகள் என்பது பலருக்கு வியப்பூட்டும் செய்தியாகும். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் எனப்படும் சின்னக் கோசும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பெல்ஜியம் நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கிய இச்செடியில், முட்டைக்கோசைப் போல உச்சியில் ஒரே தலை உருவாவதில்லை. நிமிர்ந்து வளரும் தண்டில், இலைக் கக்கங்கள்தோறும் நெல்லிக்காய் அளவில் குருத்துகள் உருண்டு திரள்கின்றன.

இப்பயிர் நமது நாட்டு மலைகளுக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. இமாசலப் பிரதேசத்தில், குலு பள்ளத்தாக்கிலுள்ள கட்ராயினில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார நிலையம் இயங்கி வருகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடத்திலிருந்து 'ஹில்ட்ஸ் ஐடியல்' என்னும் வகை சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. 15 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உஷ்ணநிலையில் குருத்துகள் இறுகித் திரளுகின்றன. வெப்பம் மிகுந்தால் அவை தளர்ந்து விரிந்துவிடும். இலேசான உறைபனி பட்டால் இனிப்புக் கூடுகிறது. ஆகவே குலுவிலும், தெற்கே நீலகிரியிலும் இதனை விளைவிப்பது அரிய வித்தையன்று.

ஆயினும், விளையும் என்பதொன்றை மட்டும் கொண்டு எல்லாக் குடியானவரிடமும் இதன் விதையை நீட்டுவது முறையாகுமா? ஆகாது என்றே சொல்ல வேண்டும். நாற்று நட்டபின் முதல் பறிப்பிற்கே மூன்று மாதங்களுக்கு மேலாகிறது. குருத்துகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் முதிர்வதால், பலமுறை குனிந்து பறிக்க வேண்டும். செடியின் நுனியைக் கிள்ளினால் குருத்துகள் ஏறக்குறைய ஒருங்கே முதிரும் என்பது உண்மையே. எனினும் கூலிச் செலவு அடியோடு மறைந்துவிடாது. முட்டைக்கோசோ ஒரே வெட்டில் கூடைக்கு வந்துவிடுகிறது. அது விலை குறைந்தாலும் எந்தச் சந்தையிலும் விலைபோகும். சின்னக் கோசை வாங்குவோர் பெருநகர ஹோட்டல்களும் ஒரு சில கடைகளுமே. சாதாரண வெப்பத்தில் சில நாட்களிலேயே அது மஞ்சளித்து விடுவதால், குளிர்பதன வசதியின்றிக் காத்திருக்கவும் இயலாது. இரண்டு கனால் நிலமுடைய ஒருவர், தமது ஒரு பருவத்து விளைச்சலை முழுவதும் இதில் வைத்துவிட்டு, வாங்குவாரின்றி நின்றால், நஷ்டம் சிபாரிசு செய்தவரைச் சேராது. அவருடைய குடும்பத்தையே சேரும்.

ஆதலின் வயல் ஊழியர் மேற்கொள்ள வேண்டிய வரிசை தலைகீழானது. முதலில், யார் வாங்குவார், எந்த நாளில், என்ன விலைக்கு என்பதை உறுதி செய்தல் வேண்டும். அண்டை வீட்டார் பலர் கூடி ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு வேண்டும். அதன் பின்னரே விதை. அதுவும் முதலாண்டில் ஒரு சில பாத்திகளுக்கு மட்டுமே போதுமானது.

இரண்டாவது கடமை ஆசிரியருடையது. உண்பார் பெருகாமல் விற்பனை பெருகாது. 100 கிராம் பச்சைச் சின்னக் கோசில் சுமார் 85 மில்லிகிராம் 'சி' வைட்டமின் உள்ளது; முட்டைக்கோசில் இதில் பாதியளவும் இல்லை. இருந்தும் மக்கள் இதனைக் கசப்பென்று ஒதுக்குகின்றனர். அக்கசப்பிற்குக் காரணம், கடுகுக் குடும்பத்திற்கே உரிய கந்தகச் சேர்மங்கள். 1990-களில் டச்சு விஞ்ஞானிகள் இவற்றுள் கசப்பு மிகுந்த சினிகிரின், புரோகோயிட்ரின் ஆகியவற்றை இனங்கண்டனர்; அதன்பின் கசப்புக் குறைந்த வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எஞ்சிய பழி சமையலைச் சேர்ந்தது. நீண்ட நேரம் நீரில் வேகவைத்தால் கந்தக நாற்றம் எழுவதோடு, வைட்டமினும் நீரோடு போய்விடுகிறது. இரண்டாக அரிந்து, கடுகெண்ணெயில் சீரகம் தாளித்து, உருளைக்கிழங்குடன் சற்றே வதக்கினால் குழந்தைகளும் விரும்பி உண்பர். இதனைப் பள்ளித் தோட்டத்தில் விளைவித்து, அங்கேயே சமைத்துக் காட்டுவது ஒரு நூறு சொற்பொழிவுகளுக்கு மேலானதாகும்.

புதிய பயிர் என்றாலே முன்னேற்றம் எனக் கருதுவது தவறு. பழகாதது என்பதற்காகத் தள்ளிவிடுவதும் தவறே. விளைவித்தவர் வீட்டு அடுப்பில் முதலில் வெந்து, பிறகு ஊர்ச் சந்தைக்கு வந்து, அதன் பின் நகரத்திற்குச் செல்லும் பயிரே நிலைத்து நிற்கும். சின்னக் கோசையும் அவ்வழியே அழைத்துச் செல்வது ஊழியர், ஆசிரியர் ஆகிய இரு சாராரின் கையிலும் உள்ளது.