பேரேடு பழுதுபட்டபோது

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், அனற்காற்று வீதியைப் பொசுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் சங்க அலுவலகத்தில் மின்சாரம் நின்றது. வடநாட்டுக் கோடையில் இது புதுமையன்று. சர்வருக்குத் துணையாக வைத்திருந்த யு.பி.எஸ். பெட்டியின் பாட்டரி மூப்பெய்திவிட்டபடியால், அரை நிமிஷங்கூடத் தாங்கவில்லை. அச்சமயம் நம் பொருளாளர் சந்தா வரவுகளைப் பதிந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரங் கழித்து மின்சாரம் திரும்பிற்று. சந்தாப் பதிவேடு திரும்பவில்லை. 145 என்ற எண்ணும், ‘இந்த டேபிள் சிதைந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது; செப்பனிட வேண்டும்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகமுமே திரையில் நின்றன.

வேறு சமயமாயின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நாள் முன்புதான் நம் அங்கத்தினர் ஒருவர் காலமாகியிருந்தார். பன்னிரண்டு மாதச் சந்தாவும் இடைவிடாது செலுத்தியிருந்தாலன்றிக் குடும்பத்துக்குச் சகாய நிதி வழங்க விதியில்லை. அவர் மனைவியார் இரு குழந்தைகளுடன் அடுத்த வாரம் ஊர் திரும்ப இருந்தார். கணக்கோ திறக்கவில்லை.

அன்பர் ஒருவரின் புதல்வன், கம்ப்யூட்டர் படிப்பவன், உதவிக்கு ஓடிவந்தான். “மாமா, ரிப்பேர் என்று ஒரே வரிக் கட்டளைதான், போட்டுவிடட்டுமா?” என்றான். அலுவலகத்தில் இதே மென்பொருளோடு பல வருஷம் மல்லுக்கட்டியவனாதலால், “பொறு தம்பி, முதலில் பிரதி எடு” என்று தடுத்தேன்.

காரணம் சொல்கிறேன். நம் கணக்கு ‘மை எஸ்.க்யூ.எல்.’ என்னும் மென்பொருளில் இருக்கிறது. (அதிலுள்ள ‘மை’ அதை ஆக்கியோருள் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் என்பாரின் மகள் பெயர். நமக்கு மை என்றதும் பேனாதான் நினைவுக்கு வருகிறது!) 2008-இல் நிறுவியபடியால், நம் டேபிள்கள் ‘மை-ஐசாம்’ என்ற பழைய முறையில் இருந்தன. அம்முறையில் ஒவ்வொரு டேபிளுக்கும் மூன்று கோப்புகள்: ஒன்றில் கட்டங்களின் அமைப்பு, மற்றொன்றில் விவரங்கள், மூன்றாவதில் எவ்விவரம் எங்கேயென்று காட்டும் இன்டெக்ஸ். பேரேடும் அதன் முகப்பிலுள்ள பெயரட்டவணையும்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நடுவில் அறுந்தால், பேரேட்டில் ஏறியது அட்டவணையில் ஏறாமல் நிற்கும். பேரேட்டின் கடைசி வரியே பாதியில் முறிந்தும் போகும்.

செப்பனிடும் கட்டளை, படிக்க முடிந்த வரிகளை வைத்துக்கொண்டு முடியாதவற்றைக் கழித்துவிடும். அக்கட்டளை ஓடும்போதே மறுபடி மின்சாரம் போனால் விபரீதம்: மீண்டும் எழுந்தவுடன், வேறெதுவும் செய்யுமுன், அதே கட்டளையை மறுபடியும் இட வேண்டும். இல்லையேல் இன்டெக்ஸ் வெறுமையாய் நிற்க, அடுத்த பதிவு பழைய விவரங்களின் மேலேயே எழுதப்படவுங்கூடும்.

ஆகவே சர்வர் நிரலை நிறுத்தி, மூன்று கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கிற்குப் பிரதி எடுத்தோம். டிஸ்க்கில் இடம் பார்த்தால், நம் பொங்கல் விழாப் புகைப்படங்கள் அதை விளிம்புவரை அடைத்திருந்தன! செப்பனிடும்போது புதுக்கோப்பு எழுத இடம் வேண்டுமாதலால், அவற்றை அகற்றினோம். அண்டை வீட்டிலிருந்து நல்ல பாட்டரி ஒன்று இரவல் வந்தது. பிறகு சோதனைக் கட்டளை. பின்னர் இன்டெக்ஸை மட்டும் புதுப்பிக்கும் விரைவு முறை. அது பலிக்கவில்லை. முழுமுறையில் செப்பனிட்டதும் டேபிள் திறந்துகொண்டது. இளைஞன் துள்ளினான். நான் கீழே வந்த எச்சரிக்கை வரியைக் காட்டினேன்: வரிகளின் எண்ணிக்கை 2,318-லிருந்து 2,315 ஆகியிருந்தது.

மூன்று வரிகள் எவை? கம்ப்யூட்டர் சொல்லாது. ரசீது எண்களை வரிசையாகப் பார்த்து இடைவெளிகளைக் குறித்துக்கொண்டு, பொருளாளரின் இரும்புப் பெட்டியிலிருந்த ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினோம். மூன்றில் ஒன்று, காலமானவரின் பன்னிரண்டாவது மாதச் சந்தா. பக்கத்து வீட்டுக்காரர் மூலம் கொடுத்தனுப்பியது. செப்பனிட்ட கணக்கை மட்டும் நம்பியிருந்தால், ‘ஒரு மாதம் தவறிவிட்டது’ என்று நாங்களே எழுதிக் கையொப்பமிட்டிருப்போம். மறுநாளே தொகை அம்மையாரிடம் சேர்ப்பிக்கப்பட்டது.

நிற்க. இப்பொழுது டேபிள்களையெல்லாம் ‘இன்னோ-டிபி’ முறைக்கு மாற்றிவிட்டோம். 2010-இல் வந்த 5.5-ஆம் பதிப்பு முதல் அதுவே இயல்பான முறை. நம் செட்டிமார் சிட்டையில் எழுதிப் பின்பு பேரேட்டில் ஏற்றுவதுபோல, மாறுதலை முதலில் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால், மின்சாரம் போய் வந்தபின் தானே சரிப்படுத்திக்கொள்ளும். அதுவும் பழுதுபட்டால் மேற்சொன்ன ரிப்பேர் கட்டளை அதனிடம் செல்லாது. 1 முதல் 6 வரை படிகளுள்ள ஒரு மீட்பு முறை உண்டு. 1-இல் தொடங்கி, சர்வர் எழுந்தவுடன் விவரங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். 4-ஆம் படியும் அதற்கு மேலும் கோப்புகளை நிரந்தரமாகவே கெடுக்கக்கூடும்.

இரவுதோறும் முழுப் பிரதி வேறு டிஸ்க்கிற்குப் போகிறது. மாதம் ஒரு முறை அப்பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்க்கும் பொறுப்பு அந்த இளைஞனுடையது. பாட்டரியும் புதிது.

வைகாசியில் சந்தா செலுத்திய அன்பர்கள், ஞாயிறு காலையில் ரசீதுடன் அலுவலகத்துக்கு வந்து தங்கள் பதிவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளக் கோருகிறோம்.