கயிறு கையை உதைத்தால் சி.டி.ஐ. மாற்ற வேண்டுமா?

“முந்திரித் தோப்பில் களை வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்குப் போன மாதம் கிளட்ச் மாற்றினோம். அதிலிருந்து, ஸ்டார்ட் செய்யக் கயிறை இழுத்தால் கையை வெடுக்கெனப் பின்னுக்கு இழுக்கிறது. பிளக்கில் பொறி வருகிறது. சி.டி.ஐ. யூனிட் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?”

- வாசகர், கம்மாபுரம்.

அவசரப்பட வேண்டாம். பொறி வருகிறது என்றால் யூனிட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பொறி விழும் நேரம்தான் மாறியிருக்கிறது.

இன்ஜினின் காந்தச் சக்கரம் சுற்றும்போது காயிலில் 100 முதல் 300 வோல்ட் வரை மின்சாரம் உண்டாகி, யூனிட்டுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் சேர்கிறது. தொட்டியில் தண்ணீர் தேக்குவது போலத்தான். சக்கரம் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் தைரிஸ்டர் என்ற மின்னணு மடை திறக்கிறது. தேங்கியது மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் காயிலுக்குப் போய், 10,000 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து பிளக்கில் பொறியாகிறது. பழைய மொபெட்டுகளில் பிளாட்டினம் பாயின்ட் செய்த வேலை இது. இதில் தேய்வதற்கு எதுவும் இல்லை.

பெட்ரோல் எரிந்து அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அதனால் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சிக்கு வர 25 முதல் 30 டிகிரி இருக்கும்போதே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 25 டிகிரி என்பது, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கயிறு இழுக்கும்போதோ சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது பொறி அளவுக்கு மீறி முந்தினால், ஏறி வரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளிவிடும். கை உதை வாங்குவது இதனால்தான். மணிக்கட்டு பிசகிவிடும், பார்த்து இழுங்கள்.

இந்த நேரத்தைப் பிடித்து வைத்திருப்பது, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறிய கீ. சில மாடல்களில் அது சக்கரத்திலேயே வார்த்த முனையாக இருக்கும். கிளட்ச் கழற்றும்போது சக்கரத்தைத் தட்டியிருந்தாலோ, நட்டை அரைகுறையாக முறுக்கியிருந்தாலோ கீ நசுங்கி, சக்கரம் இம்மியளவு திரும்பிவிடும். முன்பக்கம் திரும்பினால் உதை. பின்பக்கம் திரும்பினால் பொறி பிந்தி, சைலன்ஸரில் வெடிக்கும். கீ நசுங்கியிருக்கும்போது புது யூனிட் போட்டாலும் உதை நிற்காது, பணம்தான் போகும்.

ஆகவே, முதலில் சக்கரத்தைக் கழற்றிக் கீயைப் பாருங்கள். கீ நசுங்கியிருந்தால் அதை மாற்றுங்கள். வார்த்த முனை உடைந்திருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டின் கூம்பு முனையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நட்டை நன்றாக முறுக்குங்கள். சக்கரத்துக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலான சிறு இன்ஜின்களில் 0.3 மி.மீ. அளவில் இருக்கும், ஒரு விசிட்டிங் கார்டை இடையில் வைத்து காயிலை இறுக்கினால் போதும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் வழியாக மின்சாரம் கசியும் என்பதை விருத்தாசலம் பக்கத்துக்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

யூனிட் மீது சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் பொறியே இல்லாமல் நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் மாற்றலாம். அப்போதும் ஒருமுறை டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும்.